இன்னும் பிறக்காத பிள்ளை

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பசறையில் என் கணவர் வைத்திருந்த துணிக்கடைக்கு நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒடிசலான உடம்பு, வெளுத்த உதடு, துருத்திய வயிறு. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, வயிற்றின் மேல் கை வைத்து எதையோ உற்றுக் கேட்பாள்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

"ஏழுல வெளிய வந்துருச்சும்மா" என்றவள் முந்தானையை லேசாக விலக்கினாள். பஞ்சு சுற்றி, வயிற்றோடு கட்டியிருந்த குழந்தையின் முகம் கிழவனுடையதுபோலச் சுருங்கியிருந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ, பிள்ளை..." என்று வாயெடுத்தேன்.

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "சத்தம் போடாதீங்கம்மா. வெளிய வந்துட்டோம்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா செத்துரும்."

மெல்லிய துணி கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில், தட்டையான வயிற்றோடு கடை வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பின்னாலேயே அவள் புருஷன் வந்தான். அவன் கையில் குழந்தை வீறிட்டு அழுதது.

"நேத்துத்தாம்மா பொறந்தான்" என்று சிரித்தாள்.

புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் தெரிந்தது.

"நேத்து இவளுக்கு வலி எடுத்துச்சுங்கம்மா. புள்ளை பெறுறவ மாதிரியே துடிச்சா. வலி நின்னதும் புள்ளை கண்ணைத் தொறந்து அழுதுச்சு. அதுவரைக்கும் ஒரு தடவைகூட அழுததில்லைங்க."

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோல அவளுக்குச் சுக்கும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தேன். எதை நம்பிக் கொடுத்தேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.