பத்தரைக்குள் மாற்றிய கம்ப்யூட்டர்

அருள்புரத்தில் கைக்குழந்தைகளுக்கான பனியன் தைக்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. ஐம்பதை நெருங்கியும் பிரிண்டர் சத்தம் போட்டால் நாலடி தள்ளி நிற்பேன். வெளியில் வீராப்புக்கு மட்டும் குறைவில்லை.

தையல் ஹாலில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பனியன் கட்டு முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். பச்சைக் குழந்தை உடம்பில் போடுகிற துணி. அந்த நோட்டை ஒழித்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவன் நான். எனக்கே நான் மாலை போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

சாஃப்ட்வேர் எழுதித் தந்தவர் ஒன்று சொல்லியிருந்தார். புதுப் பதிவுகள் முதலில் லாக் என்ற தனி ஃபைலில் சேரும். கறுப்புத் திரையில் செக்பாயிண்ட் கட்டளையை அடித்தால்தான் அவை டேட்டாபேஸின் முதன்மை ஃபைலுக்குள் போகும். 'பாக்கி சைபர் என்று வந்த பிறகே ஃபைலைத் தொடவும்' என்று சீட்டெழுதி மானிட்டரில் ஒட்டியும் போனார்.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. புதுக் கம்ப்யூட்டர் அன்றைக்கே ஓட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பழையதற்கும் மரியாதையாகச் சந்தனம் பூசினார்கள், சரியாக அந்தச் சீட்டின் மேல்.

"ஏனுங்க, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆன் பண்ணிப்போடுங்க" என்றார் முதலாளி.

"இதா ஆச்சுங்க."

மணி பத்து இருபத்துநான்கு. கட்டளையாவது ஒன்றாவது! முதன்மை ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பழையதன் பிளக்கைப் பிடுங்கினேன். பத்து இருபத்தொன்பதுக்குப் புதுத் திரை எரிந்தது. ராகுவையே முந்திவிட்டேன் என்று பொரியை மென்றபடி எல்லோரிடமும் பீற்றினேன்.

திங்கட்கிழமை பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு பனியனின் தோள் தையலுக்குள் ஊசிமுனை. நிறுத்திவைத்த கட்டு எதையும் கம்ப்யூட்டர் காட்டாததால் நிறுத்தி ஓரமாக வைத்திருந்த கட்டையும் பேக்கிங்குக்கு எடுத்துவிட்டார்கள். அதைத் தைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஊசி ஒடஞ்சத மறைச்சீங்களா?"

"அன்னைக்கே சொன்னேம்லா சார். இந்த சார்தான் டைப் அடிச்சாவ."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அடித்தவன் நான். லாக் பழைய கம்ப்யூட்டரிலேயே நின்றுவிட்டது என்பதும் அந்த நொடியே புரிந்தது.

"பாத்துச் சொல்றேனுங்க" என்றேன்.

அந்தப் பெண்ணை அப்போதே வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதன்பிறகு இரண்டு நாள் நான் சும்மா இருக்கவில்லை. கீபோர்டைத் துடைத்தேன். சரியாக ஓடுகிற கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். ஊத்துக்குளி வரை போய் வெண்ணெய் வாங்கி வந்தேன். எதற்கென்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். குடோனில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போகவில்லை. அந்தப் பதிவு அங்கே இருந்தால் என் தப்பு வெளியே வரும். இல்லாவிட்டால் அவர் பிழைப்பு போகும்.

புதன்கிழமை போய்ப் பழையதை ஆன் செய்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்து, சீட்டு தெளிவாகத் தெரிந்தது. கட்டளையை அடித்தேன். பாக்கி சைபர். தேடியதும் வந்தது அவர் தைக்கும் லைன், கட்டு எண், நான் அடித்த வரி: 'முனை கிடைக்கவில்லை. கட்டு நிறுத்தம்.'

மேனேஜர் பிரிண்டைப் படித்துவிட்டு, "இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்றார். "போயி அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க."

அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். நான் நீட்டிய பிரிண்டை வாசலில் நின்றே படித்தார்.

"ரெண்டு நாள்ல எட்டு கம்பெனி ஏறி எறங்கிட்டேன். ஊசிய மறைச்சவ நீதானான்னு கேக்காவ. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா சார்."

எப்போதும் எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு மேனேஜர் சொன்னதை மட்டும் ஒப்பித்தேன்.

"கம்பெனிக்கு வாங்க. மேனேஜரே வரச் சொன்னாருங்க."

"அங்க வரல. இதுல எட்டு காப்பி குடுங்க."

எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த எட்டில் எந்தக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது, சேர்த்துக்கொண்டதா என்பதே எனக்குத் தெரியாது.