சல்லடை அண்ணி

என் அண்ணி ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். நான் அதே ஆஸ்பத்திரியில் சலவை அறையில் வேலை. எந்தக் கோப்பு வந்தாலும் அதில் ஒட்டியிருக்கும் வேண்டாததைச் சலித்துக் கொடுப்பதால் அண்ணிக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். அது ஆண்டவன் அவருக்குக் கொடுத்த குணம்.

போன வருடம் எல்லாப் பிரிவுக்கும் டெலிபோன் எண் மாறியது. எங்கள் டெலிபோன் ஆபரேட்டருக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார். திங்கட்கிழமை புது எண்களில் தடுமாறினால் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பட்டியல் வந்ததோ வெள்ளிக்கிழமை மதியம். அண்ணியைப் பார்க்க வந்த நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். கம்ப்யூட்டர் வாசித்தது: "இ இ த த ய ய..."

"என்ன தங்கச்சி, உன் மிஷினுக்குக் குளிர் ஜுரமா?" என்றார் ஆபரேட்டர்.

"பேரு தடிமனா விழணும்னு ஒரு எழுத்தை அடிச்சு, ஒரு இடம் பின்னால வந்து, அதுமேலயே மறுபடி அடிச்சிருக்காங்கண்ணே. பேப்பர்ல அழகா இருக்கும். காதுக்குத்தான் ரெண்டு ரெண்டா கேக்குது. வடிகட்டிடலாம்."

அண்ணி கறுப்புத் திரையில் ஒரு குட்டிக் கட்டளையைத் தட்டினார். ஒரே இடத்தில் எத்தனை எழுத்து விழுந்திருந்தாலும், கடைசியாக விழுந்ததை மட்டும் அது வைத்துக்கொள்ளுமாம்.

"இதயப் பிரிவு. அடிக்கோடு அடிக்கோடு அடிக்கோடு. தீக்காயப் பிரிவு. அடிக்கோடு அடிக்கோடு அடிக்கோடு."

பெயரெல்லாம் சரி. எண் ஒன்றுகூட இல்லை.

"அட, எல்லாருக்கும் ஒரே நம்பர்! மனப்பாடம் முடிஞ்சுது, நான் வீட்டுக்குப் போறேன்" என்று சிரித்தார் ஆபரேட்டர். ஆனால் அவர் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆண்டவனே, வழி காட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"அண்ணி, நான் போர்வையில நம்பரை எழுதிட்டு அப்புறந்தான் கீழ கோடு போடுவேன். இவங்களும் அப்படித்தானே நம்பரை அடிச்சிட்டு, பின்னால வந்து கோடு போட்டிருப்பாங்க? அப்போ கடைசியா விழுந்தது கோடுதானே?"

அண்ணி அப்படியே திரும்பினார். "அடிப்பாவி! இருபது வருஷமா என் குழம்புல உப்பு பத்தலைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்திருக்கே. இந்த மூளையை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?"

"போர்வைக்கு அடியில!" என்றார் ஆபரேட்டர்.

கோடு முன்னால், எண் பின்னால் என்று இடம் மாற்ற அண்ணி முதலில் ஒரு வரி எழுதினார். பிறகு அதே சல்லடை.

"இதயப் பிரிவு. மூன்று ஒன்று ஆறு."

ஆபரேட்டரின் உதடு கூடவே அசையத் தொடங்கியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அது ஓயவில்லை என்று அவர் வீட்டம்மா பிற்பாடு சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சலவை அறை டெலிபோன் அடித்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"நாலு ஒன்பது ரெண்டு, சலவை அறைதானே? வணக்கம்மா, அடிக்கோடு பேசறேன்! மேனேஜர் பக்கத்துலதான் நிக்கறார். இது முப்பத்தெட்டாவது நம்பர், ஒண்ணுகூடத் தப்பலை."

பின்னால் மேனேஜர் சிரிப்பது கேட்டது.