மணத்தை எழுதச் சொன்ன எங்கள் அக்கா

எங்கள் அன்பு அக்கா அச்சுவேலியில் ஒரு வெங்காயத் தோட்டக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா இளவயதிலேயே இறந்துவிட, எங்களை வளர்ப்பதற்காகக் கலியாணமே வேண்டாமென்றார். ஆசிரியையாக ஓய்வு பெறும்வரை சிறு பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார், எழுதவும் கற்பித்தார். இரக்கமே உருவானவர் என்று நான் எழுதினால் அவரிடம் படித்தவர்கள் சிரிப்பார்கள்.

பாட்டில் மணமோ சத்தமோ சுவையோ இல்லாவிட்டால் கொப்பியைத் தூக்கி எறிவார். "மழை இன்பமானது" என்று எழுதிய ஒரு பிள்ளையைக் கொட்டும் மழையில் முற்றத்தில் நிறுத்தினார். "காதுக்குள்ளை குளிருது ரீச்சர்" என்று அது அழ, "ஓம், அதைத்தான் எழுது" என்றார். தாய் சண்டைக்கு வந்தார். அக்கா அசையவில்லை.

அவரது வகுப்பிலேயே படித்த நானும் தப்பவில்லை. அம்மா இறந்த ஆண்டு, "அம்மா என் தெய்வம்" என்று எழுதிக் கொண்டுபோனேன். வகுப்பே பார்த்திருக்கக் கிழித்தார்.

"தெய்வம் எல்லார் வீட்டிலையும் இருக்கு. எங்கடை அம்மா என்ன மணம்?"

விம்மினேன்.

"அழுதது காணும், சொல்லு."

"வெங்காயமும் வேர்வையும்" என்றேன். அன்றைக்கு அவரை வெறுத்தேன். ஆனால் அம்மாவின் முகம் மறந்துபோன பிறகும் அந்த மணம் என்னிடம் இருக்கிறது.

கடைசியில் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, புண் திறந்துகொண்டது. மருந்து கட்டும்போது, "என்னடா மணக்குது?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை அக்கா."

"பொய் சொல்லாதை."

"ஈரச்சாக்குக்குள்ளை அழுகின உருளைக்கிழங்கு மாதிரி."

வாழ்க்கையில் முதன்முறையாக என்னைப் பாராட்டினார். "சரியாச் சொன்னாய். என்ரை நினைவு மலரிலை 'அமைதியாக உயிர் பிரிந்தது' எண்டு மட்டும் எழுதிப்போடாதை."

சித்தப்பாவோ அப்படித்தான் எழுதவேண்டும் என்கிறார். "சனம் என்ன நினைக்கும்? அமைதியாப் போனா எண்டு போடு." அக்கா அமைதியாகப் போகவில்லை. கட்டில் சட்டத்தை நகத்தால் பிறாண்டினார். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பல் கூசுகிறது.

நாள்தோறும் வந்து புண் கழுவிய தாதிக்கும், துணி தோய்த்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாசலிலேயே நின்று, கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிறகு வாறம்" என்று திரும்பிய உறவினர்களுக்கும் இந்த மலரில் ஒவ்வொரு பிரதி அனுப்புகிறோம். இதில் அச்சு மை மட்டும்தான் மணக்கும். பயப்படாமல் திறக்கலாம்.