பதினொரு செப்புத் துண்டுகள்

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த செல்லம்மா, ஓமந்தைக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியிருந்தார். அவர் காணியில் கிணறு வெட்டும்போது இரண்டு ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. ஒன்றில் பெரிய ஆளின் எலும்பு, மற்றதில் குழந்தையின் எலும்பு. இரண்டிலுமாகப் பதினொரு செப்புக் கம்பித் துண்டுகள்.

தொல்லியல் ஆய்வுக்கு வந்த அம்மையார், எது எந்தத் தாழிக்குரியது என்று துண்டுகளின் பச்சைக் களிம்பின்மேல் மையால் குறித்து, ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் ஒப்படைத்துப் போனார். எனக்கு அந்தக் களிம்பு பொறுக்கவில்லை. பூசைச் செம்பைத் துலக்குவதுபோல் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிட்டேன்.

"பதினொண்டும் இருக்கு, எண்ணிப் பாருங்கோ" என்றேன், அம்மையார் திரும்பி வந்தபோது.

"எண்ணிக்கை சரி ஐயா. பிள்ளையின்ர துண்டு எது எண்டு இனி ஆர் சொல்லுறது?"

மாதங்கள் கழித்து அவருடைய கடிதம் வந்தது. உலோகத்தின் கலப்பைச் சோதித்ததில் ஆறு துண்டுகள் கிழக்கே, இந்தத் தீவிலேயே தோண்டிய செம்பு. ஐந்து, வணிகத்தில் வடக்கேயிருந்து கடல் கடந்து வந்தவை.

செய்தியைச் சொன்னதும் செல்லம்மா கேட்டார்: "அந்தப் புள்ளையோட செம்பு எந்தப் பக்கத்துதுன்னு தெரிஞ்சுச்சாங்க? எம்புள்ளையத் தோட்டத்துல பொதச்சிட்டு வந்தவ நான். இதுக்காவது அதோட சனம் இருந்த தெசையப் பாத்து வெளக்கு வைக்கிறேன்."

"கடலுக்கு அங்கால" என்றேன். உண்மையில் எது பிள்ளையின் செம்பு என்று எனக்குத் தெரியாது.

அன்று தொடங்கி மாலைதோறும் வடக்குப் பார்த்து விளக்கு எரிந்தது. நான் சைக்கிளில் கடக்கும்போதெல்லாம், விளக்குக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்தபடி ஒரு பிள்ளை நிற்பதுபோல் இருக்கும்.