பின்சீட்டு

சுகுமாறனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பங்சாரில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. வீடு நகரத்தை விட்டுத் தள்ளி, கிள்ளானில். மனைவி புனிதா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். ஒரே மகள் ஜொகூரில் படிக்கிறாள். காலை ஆறே காலுக்கு இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் கிளம்புவார்கள். பெடரல் நெடுஞ்சாலையை ஒட்டி மோட்டார்களுக்கென்று போட்டிருக்கும் ஒடுக்கமான பாதையில் ஏறி, ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் என்று கடந்து, புனிதாவை கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுத்தான் சுகுமாறன் வேலைக்குப் போவார். சாயந்தரம் அதே வழியில் திரும்புவார்கள். பதினெட்டு வருடமாக இதில் மாற்றம் இல்லை.

அதில் கடைசி பதினான்கு வருடமும் இந்த ஒரே மோட்டார்தான். நூற்றிருபத்தைந்து சிசி. இன்னும் நடுவழியில் நின்றதில்லை. ஆனால் முன்பக்கம் எண்ணெய் கசிய ஆரம்பித்திருந்தது, சீட்டின் பஞ்சும் உட்கார்ந்து போயிருந்தது. குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்னால் இருக்கும் புனிதாவுக்கு இடுப்பு வலிக்கும் என்று சுகுமாறனுக்கு ஓர் உறுத்தல். அவள் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. சொல்லாததாலேயே அவருக்கு அது அதிகமாக உறுத்தியது.

கிள்ளானில் அவர் வழக்கமாகப் போகும் மோட்டார் கடைக்காரர் ஆ கியோங் சீனர்; நன்றாகத் தமிழ் பேசுவார். பழைய வண்டியைக் கொடுத்து டிரேட் இன் செய்துவிட்டுப் புது மாடல் எடுக்கலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையின் முன்வரிசையில் பெரிய ஸ்கூட்டர் ஒன்று நின்றது. கியர் கிடையாது, சாவி போடவும் வேண்டாம். பின்சீட்டு சோபா மாதிரி அகலமாக இருந்தது, முதுகு சாய்த்துக்கொள்ள ஒரு திண்டும் உண்டு. சுகுமாறன் நான்கு முறை தனியாகப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்தாம் முறை, ஒரு சனிக்கிழமை, புனிதாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆ கியோங் பழைய மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்து ஒரு விலை சொன்னார். சுகுமாறன் எதிர்பார்த்ததை ஒட்டியே இருந்தது. பிறகு ஸ்கூட்டரை நடுவில் இழுத்து நிறுத்தி, "அக்கா, ஏறி உக்காந்து பாருங்க" என்றார். புனிதா ஏறி உட்கார்ந்தாள். முதுகுக்கு வசதியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றாள். இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். சுகுமாறன் அப்போதே கையெழுத்துப் போட்டுவிடத் தயாராக இருந்தார். அவள்தான் முதலில் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்றாள்.

பக்கத்துக் கடையில் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், இரண்டு தே தாரேக், வந்தது. புனிதா குவளையைத் தள்ளி வைத்தாள்.

"வண்டி நல்லா இருக்கு. உங்களுக்குப் பிடிச்சிருந்தா எடுங்க. ஆனா எனக்காக எடுக்காதீங்க" என்றாள்.

சுகுமாறனுக்குப் புரியவில்லை. நிறம் பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

"எனக்குப் பின்னால உக்காரவே பயமா இருக்குங்க. பத்து தீகாவுல விழுந்தோம்ல, அன்னையிலேர்ந்து."

பத்து தீகாவில் விழுந்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். நெடுஞ்சாலைக்கு அடியில் மோட்டார் பாதை நுழைந்து வளையும் இடத்தில், மழைநாள் சாயந்தரம், வண்டி வழுக்கிவிட்டது. புனிதாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தினார். இருவரும் தரையில் உட்கார்ந்தபடியே சறுக்கிப் போனதைப் பிறகு எத்தனையோ விருந்துகளில் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறார். புனிதாவும் கூட இருந்து சிரித்திருக்கிறாள்.

அதற்குப் பின்தான் அவள் ஷா ஆலம் தாண்டியதும் அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். விடிகாலையில் எழுந்து சமைத்துவிட்டு வருகிறவள், அசந்து தூங்குகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அந்தத் தூக்கம் கலையக் கூடாது என்று மேடு பள்ளம் பார்த்து, வேகத்தைக் குறைத்து ஓட்டுவார். காலை நேரத்தில் தலைக்கவசம் முதுகில் அழுந்தும் அந்தப் பாரம் அவருக்குப் பிடித்திருந்தது.

"முதுகுல சாஞ்சு தூங்குவியே?" என்றார்.

"தூங்கல. கண்ணை மூடிக்குவேன், அவ்வளவுதான்" என்றாள் புனிதா.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"மொதல்ல சொல்லி என்ன பண்றது, அப்ப மக சின்னவ, ரயிலுக்குன்னு முன்னாடியே கிளம்ப முடியாது. அப்புறம் சொன்னா, இத்தனை நாளா ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. அப்படியே போயிருச்சு."

அன்று எதையும் முடிவு செய்யாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதுவும் அதே பழைய மோட்டாரில்தான். சுகுமாறன் வழி முழுக்க முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை.

அவருக்கு முதலில் வந்தது கோபம். பதினோரு வருடம் தன்னை நம்பாமலா பின்னால் உட்கார்ந்திருந்தாள் என்ற கோபம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சரியாகப் பேசவில்லை. பயமென்றால் ரயிலில் போகட்டும் என்று திங்கட்கிழமை காலை கிள்ளான் ரயில் நிலையத்தில் அவளை இறக்கிவிட்டார். கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில் நேராக பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும், ஆனால் இன்னும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். அவள் படியேறிப் போவதைப் பார்த்துவிட்டு அவர் தனியாக நெடுஞ்சாலைக்குத் திரும்பினார். பின்னால் ஆள் இல்லாத மோட்டார் இலேசாகத் துள்ளியது. வேகமாகப் போகலாம் என்று தோன்றியது. போகவும் செய்தார், ஆனால் அதில் ஒரு சுகமும் இல்லை.

அந்த வாரம் பங்சாரில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. கூட வேலை செய்யும் வாசு லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்றிருந்தார். கீழே இருந்து லிஃப்ட்டை நகர்த்துவது சுகுமாறன். மேலே ஆள் இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் சத்தமாகக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். இந்த வேலையில் யாரும் மீறாத விதி அது.

"வாசு, நகத்தவா?"

"நகத்துங்க."

சுகுமாறனின் விரல் பொத்தான்மேலேயே நின்றுவிட்டது. இருபத்தாறு வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பார். பதில் வராமல் ஓர் அங்குலம்கூட நகர்த்தியதில்லை. விழுந்த மறுநாள் காலை புனிதா ஏறி உட்கார்ந்ததும் போகலாமா என்று கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. மேலே இருந்து வாசு, என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுபடி ஒருமுறை கேட்டு, பொத்தானை அழுத்தினார்.

அன்று வீடு திரும்பும்போது பத்து தீகா வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். மழைக்கு ஒதுங்கும் நேரம் தவிர அங்கே யாரும் நிற்பதில்லை. சுவரில் கசிந்த தண்ணீர் பாதையின் குறுக்கே மெல்லிய கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பாசி பிடித்திருந்தது. வருகிற மோட்டார்கள் ஒவ்வொன்றும் அதன்மேல் ஏறும்போது பின்சக்கரம் ஒரு நூல் அளவு விலகி மறுபடி நேரானது. ஓட்டுகிறவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவரும் தினம் இரண்டு முறை அப்படித்தான் போய் வந்திருக்கிறார். பத்து நிமிடம் நின்று பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்தக் கோட்டைத் தாண்டினார்.

இரவுச் சாப்பாட்டின்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"அன்னைக்கு நானும் பயந்துட்டேன், புனிதா. நீ எந்திரிக்கவே இல்ல, கொஞ்ச நேரம். பயந்தது உனக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன். அதான் சிரிச்சேன்."

புனிதா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள். அன்று பாத்திரம் கழுவி முடித்த பிறகும் இருவரும் அடுப்படியிலேயே நின்று வெகு நேரம் பேசினார்கள். அவள் இனி எப்போதும் ரயிலிலேயே போவது என்று முடிவானது. ஊருக்குள், கோயிலுக்கும் காய்கறி வாங்கப் பாசாருக்கும், மெதுவாகப் போனால் மோட்டாரில் வரத் தனக்குத் தயக்கம் இல்லை என்றும் சொன்னாள்.

அப்படியானால் மோட்டாரை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அவளுடைய இடுப்புக்காகத்தான் எல்லாமே என்று நினைத்திருந்தார். அந்தக் காரணம் போன பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. பழையதே ஓடுகிறது, ஓடும் வரை ஓடட்டும் என்று விட்டுவிடவும் நினைத்தார். அதைப் புனிதாவிடம் சொன்னபோது அவள் வேறொன்று கேட்டாள்.

"அந்தப் புது வண்டியெல்லாம் வழுக்காதாமே, உண்மையா?"

வழுக்கவே வழுக்காது என்று இல்லை, ஏபிஎஸ் இருந்தால் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாது என்று அவர் விளக்கினார். பழையதில் அது கிடையாது.

"அப்ப மாத்துங்க. நான் ரயில்ல உக்காந்துக்கிட்டு, நீங்க இந்நேரம் பத்து தீகா தாண்டியிருப்பீங்களா, தாண்டியிருப்பீங்களான்னு பாத்துக்கிட்டே போறேன்."

அவள் ரயில் ஏறிய பிறகு தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டு போவாள் என்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஆ கியோங் கடையில் பழைய மோட்டாரை விட்டார். பெரிய ஸ்கூட்டரை அவர் தொடவில்லை. அதைவிடச் சிறியதாக, ஏபிஎஸ் உள்ள ஒரு மாடலைக் காட்டி, இது போதும் என்றார். ஆ கியோங்குக்கு ஏமாற்றம். "அண்ணே, அக்காவுக்கு அந்தப் பெருசுதானே வசதியா இருந்துச்சு?" என்றார். அக்கா இப்போது ரயிலில் போகிறாள் என்று சுகுமாறன் பதில் சொன்னார். பழைய வண்டியின் சீட்டைத் தூக்கி உள்ளே இருந்த இரண்டு மழைச்சட்டைகளையும் எடுத்துப் புதியதில் வைத்தார். ஒன்றுதான் கொள்ளும்போல இருந்தது. அழுத்தி மடித்து இரண்டையும் நுழைத்தார்.

இப்போது மூன்று மாதமாகிறது. சாயந்தரம் அவர் முதலில் கிள்ளான் நிலையத்துக்கு வந்து காத்திருப்பார். ரயில் அடிக்கடி தாமதமாகும். இறங்கி வருகிறவள் உடனே வண்டியில் ஏறுவதில்லை. எதிர்ச் சாலையில் இருக்கும் கடையில் உட்கார்ந்து ஒரு தே குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ரயிலில் பழக்கமான இராஜம்மா என்பவருடைய மருமகளைப் பற்றி, கிளினிக்கில் பல் பிடுங்க வந்து ஓடிப்போன போலீஸ்காரரைப் பற்றி அவள் சொல்வாள். சுகுமாறன் கேட்டுக்கொண்டிருப்பார். பதினெட்டு வருடம் ஒன்றாக மோட்டாரில் போய் வந்தபோது, காற்றிலும் தலைக்கவசத்திலும் ஒருவர் பேசியது மற்றவருக்குக் காதில் விழுந்ததே இல்லை. போலீஸ்காரர் திரும்பி வந்தாரா என்று நேற்று அவர் கேட்டார். இன்னும் வரவில்லை, ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு எங்கேயோ டியூட்டியில் இருப்பார் என்றாள் புனிதா.