வலது பக்கத்து ஸ்பீக்கர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு சேரப்பணஞ்சேரியில், கார் ஸ்டாண்டு படப்பையில். கார் பழையதுதான் என்றாலும் எங்கள் சொந்தக் கார். அதோடு கூடவே வந்த ரேடியோவுக்கு டாஷ்போர்டின் அடியில் ஒற்றை ஸ்பீக்கர். கல்யாணத்துக்குக் கார் பேச வருகிறவர்கள் அப்போதெல்லாம் டேப் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை என்றால் அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

கடையில் கொடுத்து மாட்டினால் கட்டுப்படியாகாது என்று, பர்மா பஜாரில் கைமாறி வந்த டேப் ஒன்றும் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி வந்தார். முன்கதவுகளின் உள் அட்டையில் வட்டம் போடுவதற்கு என் எவர்சில்வர் தட்டுதான் கிடைத்தது அவருக்கு. வட்டம் பெரிதாகிப் போய், சுற்றிலும் பிளைவுட் வைத்து ஒப்பேற்றினார். பார்க்கச் சுமார்தான். பாட்டு வந்ததும் நானே சொக்கிப்போனேன்.

அவருக்கு மட்டும் திருப்தி இல்லை. தன் பக்கத்து ஸ்பீக்கர், அதாவது வலது பக்கத்து ஸ்பீக்கர், செத்துக் கிடக்கிறது என்றார். எனக்கு இரண்டும் நன்றாகத்தான் கேட்டன. சொன்னால், உனக்கு ஸ்டீரியோவைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிடுவார். வயரை மாற்றினார், பலிக்கவில்லை. கடைசியில் மொத்தச் சத்தத்தையும் கூட்டிவிட்டார். உள்ளே உட்கார்ந்தால் எனக்கு நெஞ்சு அதிர்ந்தது.

ஒரு நாள் மணிமங்கலத்தில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாலாஜாபாத் ரோடு அப்போது ஒற்றை வண்டித் தடம். பின்னால் ஜல்லி லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. பக்கக் கண்ணாடி இல்லாத கார், ஹாரனைக் கேட்டு ஒதுங்குவதுதான் பழக்கம். இவர் நடு ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தார். ஒதுங்குங்கள் என்று நான் கத்துவதற்குள் லாரி பாதி மண்ணில் இறங்கி அவருடைய ஜன்னலை ஒட்டி வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டீயரிங்கை ஒடித்தார். புளியமரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம்.

பாட்டுச் சத்தத்தில் ஹாரன் கேட்கவில்லை என்று பிடிபிடியென்று பிடித்தேன். சத்தத்தைக் குறைக்கிறேன் என்று சத்தியம் செய்தார், குறைத்தும் விட்டார். என் பயம் குறையவில்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. வாசலில் சைக்கிள் நின்றால்கூட, யாரோ சேதி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று குலை நடுங்கும்.

அடுத்து ஒரு கல்யாணச் சவாரி வந்தது. பெண்ணையும் அவளோடு நண்டும் சிண்டுமாக நாலு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் காஞ்சிபுரம் போக வேண்டும். முந்தின நாள் மத்தியானம் மறுபடியும் அந்த ஸ்பீக்கரோடு மல்லுக்கு நின்றார். எனக்கு எரிச்சல். வலது பக்கத்து ஸ்பீக்கரை இடது பக்கமும், இடது பக்கத்தில் இருப்பதை வலது பக்கமும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எது செத்தது என்று தெரிந்துவிடும் என்றேன். மாற்றினார்.

இடது பக்கம் பாடியது. செத்தது என்று அவர் கழித்துக்கட்டிய ஸ்பீக்கர்தான் அங்கே பாடிக்கொண்டிருந்தது.

"அங்க நல்லாத்தானே பாடினு இருந்துச்சு இது," என்று குனிந்து, வலது காதைத் தன் பக்கத்துக் கதவோடு ஒட்டி வைத்தார். "இங்க வந்ததும் இன்னா ஆச்சு?"

பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்து அந்த ஸ்பீக்கர் மேல் வைத்தேன். உள்ளங்கைக்கு அடியில் அது அதிர்ந்தது. கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். லாரி வந்த அன்று பாட்டின் மேல் தப்பு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மரத்தடியில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

டேப்பை நிறுத்தினார். காரை விட்டு இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இடது காதை விரலால் இறுக அடைத்தார்.

"பேசு, பாக்கலாம்."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கோவிலில் ஜெபிக்கும்போதுகூட வீட்டுக்காரர் என்றுதான் சொல்வேன். அன்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. நானும் இறங்கிக் கிட்டே போய், குரல் உடைய, மறுபடியும் கூப்பிட்டேன்.

அவர் அப்படியே நின்றிருந்தார்.

"சீக்கிரம் பேசும்மே," என்றார். "எவ்ளோ நேரம் இப்டியே நிக்கறது?"