புனிதவதிக்குக் கொலோன் வேண்டாம்

என் நாத்தனார் புனிதவதி லேசுப்பட்ட ஆள் இல்லை. செத்த பிறகும் என்னை நாலு பேர் முன்னால் சண்டை போட வைத்தவர். அந்தச் சண்டையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், ஒரு செண்ட் பாட்டிலுக்காகவா ஒருத்தி சாவு வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாள் என்று நீங்களும் கேட்பீர்கள். எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கில் ஏற்கெனவே நிறைய பேர் கேட்டுவிட்டார்கள்.

அக்கா என் வீட்டுக்காரர் நல்லசாமிக்கு மூத்தவர். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு செரண்டாவில் ஒரு கையுறை ஃபேக்டரியில் சேர்ந்து, அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கினார். வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். லைன் லீடர் ஆனார். தம்பியைப் படிக்க வைத்தார். நாங்கள் இன்று குடியிருக்கும் வீடு அவர் வாங்கியது. கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. அதற்கும் காரணம் செண்ட்தான்.

பெண் பார்க்க வந்த குடும்பம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பொண்ணு இந்த செண்ட் போடறத மட்டும் விட்டுடணும், எங்க வீட்டுல யாருக்கும் ஒத்துக்காது" என்றார்களாம். காப்பித் தட்டோடு நின்ற அக்கா, "அப்ப மூக்கு நல்லா இருக்கற வீட்டுலேருந்து யாராச்சும் வந்தா பாத்துக்கலாம்" என்று சொல்லி, தட்டை அப்படியே உள்ளே கொண்டு போய்விட்டார். அவர்களுக்குக் காப்பிகூடக் கிடைக்கவில்லை. இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார், ஒரு பொட்டு வருத்தம் இல்லாமல்.

அப்படி என்ன பொல்லாத செண்ட்? இப்போது கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிரான்சிலிருந்து வந்த பழைய பாட்டில்கள். அதிலும் ஒரே ஒரு ரகம்தான்: பச்சை. இலை, தண்டு, காம்போடு பூ மணக்கிற ரகம். இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது கோல சிலாங்கூர் டவுனில். ஒரு பழைய மருந்துக்கடையை மூடப்போகிறோம் என்று கண்ணாடி அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வெயிலில் அட்டை வெளுத்துப்போன ஒரு பாட்டிலை அக்கா கையில் எடுத்தார். அது ரொம்பப் பழசு, புதுசாக வேறு எடுத்துக்கொள் என்றாராம் கடைக்காரச் சீனர். அக்கா மணிக்கட்டில் அடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். கடையை விட்டு வெளியே போய், பஸ் நிலையம் வரை நடந்து, திரும்பி ஓடிவந்து அதையே வாங்கினார்.

அதன் பிறகு பழைய சாமான் சந்தை, வீட்டைக் காலி செய்கிற சீன ஆண்டிகள், கடைசியில் ஃபோனில் ஒரு குழு என்று தேடித் தேடிச் சேர்த்தார். பெயர்கள் பிரெஞ்சு, எங்கள் வாயில் நுழையாது. அவரே பெயர் வைத்தார். ஒன்று 'மழைக்காரி', ஒன்று 'டீச்சர்'. மருந்துக்கடையில் வாங்கிய ரகத்துக்குக் 'கோவக்காரி'. அதை எங்கே கண்டாலும் விடமாட்டார்.

எனக்குக் கோவக்காரி அறிமுகமானது என் கல்யாண மேடையில். மூன்றாவது முடிச்சுப் போட அக்கா என் பின்னால் குனிந்தார். குப்பென்று ஒரு பச்சை நெடி. தும்மினேன். ஒரு தும்மல் என்றால் பரவாயில்லை, வரிசையாக வந்தது. மேளக்காரரே நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தாலி ஏறும்போது தும்மலா, கடவுளே!" என்று இராஜம்மா அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அத்தை என் மாமனாரின் தம்பி மனைவி. எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்கிறபடிதான். அன்றிலிருந்து எனக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் உள்ளே வந்தால் நான் ஜன்னலைத் திறப்பேன். "கீரைக்கட்ட அக்குள்ல வச்சிக்கிட்டு வந்தாப்ல இருக்கு" என்று அவர் காதில் விழவே சொல்வேன். அவரா விடுவார்?

"ஒன் ரோஸ் செண்ட விட கீரை மேலு. ஏபிசி ஐஸ் மேல சிராப் ஊத்தன மாதிரி இனிக்குது. எறும்பு ஏறப் போவுது, பாத்து தூங்கு."

ஒரு நாள் என் கையை இழுத்துப் பிடித்து மணிக்கட்டில் கோவக்காரியை அடித்துவிட்டார். "தும்மறத தும்மிட்டு உக்காரு. கழுவின, கைய ஒடச்சிடுவேன்." உட்கார்ந்தேன். முதலில் நகப்பூச்சு நெடி. பழைய பாட்டிலில் மேல்வாசம் கெட்டுப்போயிருக்கும், அது கிடக்கட்டும் என்றார். அடுத்துப் பச்சை வந்தது. முருங்கைக்கீரையை உருவினால் விரலில் நிற்குமே, அது. கூடவே ஒரு கசப்பு. எங்கேயோ பழகிய கசப்பு.

"பெருங்காயம்!" என்றேன்.

அக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். கல்பனம் என்று ஒரு பிசினாம். ஈரான் பக்கத்துச் செடியிலிருந்து வருமாம். பெருங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சியாம். ஃபோனில் தேடிப் படித்து வைத்திருந்தார். "பூவுக்குள்ள பெருங்காயத்த போட துணிஞ்சிருக்கான் பாரு, அவன் சாமானியப்பட்ட ஆளா லா?" என்றார், அந்தப் பிரெஞ்சுக்காரன் ஏதோ தன் சித்தப்பா மகன் என்பதுபோல.

நான் சமைக்கப் போனேன். தாளிக்கக் கையைத் தூக்கினால் கசப்பைக் காணோம், பூ வந்திருந்தது. மல்லி இல்லை, ரோஜா இல்லை. மழை விட்டதும் வேலியோரத்தில் எது என்று தெரியாமல் மணக்குமே, காம்பும் ஈரமுமாக ஒரு வெள்ளைப் பூ, அந்த மாதிரி. சாயங்காலம் புதுச் சவர்க்காரக் கட்டி போல ஆனது. மறுநாள் காலையிலும் பாசி பிடித்த கட்டை வாசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் ஒளிந்து நின்று முகர்ந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"மொதல்ல திட்டும், அப்புறந்தான் பேசும்" என்றார்.

"ஒங்கள மாதிரியே" என்றேன். அன்றைக்குத்தான் நாங்கள் சேர்ந்து சிரித்தோம்.

தோட்டத்துப் பெண், ரப்பர் பால் நாற்றத்தை மறைக்கத்தான் இப்படி அடித்துக்கொள்கிறாள் என்று சொன்னவர்கள் உண்டு. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்கு வராது. யாரும் வீட்டுக்கு வராத நாளில்தான் இருப்பதிலேயே நல்ல பாட்டிலை எடுப்பார். போட்டுக்கொண்டு சாக்கடை கழுவுவார். வேலை முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்குமாம். அவருடன் அறையில் தங்கியிருந்த வள்ளியம்மா இன்றைக்கும் சொல்வார். யாருக்கும் பயந்து அவர் மணத்தைக் குறைத்துக்கொண்டதே கிடையாது. எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அவர் இருக்கும்போது சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

பிறகு சிறுநீரகம் கைவிட்டது. டவுனில் டயாலிசிஸ். நான்தான் காரில் கூட்டிப் போவேன். ஒரு நாள் ஊசி குத்திய கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தவர் சொன்னார்:

"கண்மணி, நான் செத்தா இராஜம்மா சின்னம்மா என் மேல ஊத்த கொலோன் பாட்டில தூக்கிக்கிட்டு ஓடி வரும். விடாத."

"வாய கழுவுங்க அக்கா."

"கேளு. அப்பா, அம்மா, தோட்டத்து மண்டோர் மாமா, எல்லார் தலமாட்டுலயும் நின்னு பாத்துட்டேன். அத்தன பேரும் ஒரே வாசமா போனாங்க. ஊதுபத்தி, பன்னீரு, கொலோனு. அம்மாகிட்ட எப்பவும் ஒரு வெத்தல வாசம் அடிக்குமே, குனிஞ்சி தேடினேன், கெடைக்கல. யாரோ மாதிரி போயிட்டாங்க. நான் அப்படி போவ மாட்டேன். என்ன கோவக்காரியோட அனுப்பு."

என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

போன மாசி மாதம் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் கூடாரத்தில் கிடத்தியதும் நான் அலமாரிச் சாவியைத் தேடி உள்ளே ஓடினேன். கோவக்காரியில் ஒரே ஒரு பாட்டில்தான் மிச்சம், அதிலும் கால்வாசி. எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் காரியம் கெட்டது. இராஜம்மா அத்தை தலையிலிருந்து கால் வரை கொலோனைக் கவிழ்த்து முடித்திருந்தார். அக்காமீது சாவு வீட்டு வாசம்.

"யார கேட்டு ஊத்தனீங்க அத்தை?"

"பொணத்துக்கு கொலோன் ஊத்த பெர்மிட் எடுக்கணுமா?"

"அக்கா வேணாம்னு சொல்லியிருக்காங்க. இததான் போடணும்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

அத்தை பாட்டிலைப் பார்த்தார். "ஆகாது. கல்யாணம் காட்சி பாக்காத பொண்ணு. அந்த வாசத்தோட அனுப்பினா, அதே வாசத்த புடிச்சிக்கிட்டு திரும்பி வந்துடுவா."

"வரட்டுமே! அவங்க வாங்கின வீடுதானே!" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த மனுஷன். "இன்னிக்கி ஒரு நாளு விடு லா கண்மணி. சின்னம்மா பெரியவங்க. எதுக்கு பிரச்சன?"

"அக்கா ஒழைச்சி போட்ட சோறு தின்னு வளந்த ஒடம்புதானே? அவங்களுக்காக ஒரு வார்த்த வாய தொறக்கக் கூடாதா?" என்றேன். இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஆனால் அத்தை ஒன்றை மறந்துவிட்டார். எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்டியாக வேண்டும். தம்பி பெண்டாட்டி நான், என்னை யார் தடுக்க முடியும்? சேலைகளைச் சுற்றிப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். சீயக்காயைப் பேருக்குத் தொட்டு வைப்பதுதான் வழக்கம். நான் தேய்த்தேன். கழுத்து மடிப்பு, காது மடல், விரல் இடுக்கு என்று ஒரு இடம் விடாமல் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். "போதும்டி, எடுக்கற நேரம் ஆவுது" என்று அத்தை முணுமுணுத்தார். கொலோன் போய்விட்டது. பட்டுச்சேலை கட்டினோம். பாட்டிலை அழுத்தினேன். ஸ்ப்ரே மூடி அடைத்துக்கொண்டு செண்ட் வரவில்லை. பல்லால் கடித்துப் பிடுங்கி, அப்படியே கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊற்றிவிட்டேன்.

நகப்பூச்சு நெடி. மண்ணெண்ணெய் போல அடித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். காத்திருந்தேன். திட்டி முடித்துவிட்டுப் பேசும், பேசும் என்று காத்திருந்தேன். நெடி அப்படியே நின்றது.

"கெட்டுப்போனத ஊத்திட்டியேடி பாவி! இருந்த நல்ல வாசத்தயும் கழுவிட்டு!" என்றார் அத்தை.

வெளியே வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். யாரோ மாதிரி போக மாட்டேன் என்றவரை நானே நாற வைத்து அனுப்பப் போகிறேனா? அழுதுகொண்டே அவர் கழுத்தைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக் குளிர். அப்போதுதான் விளங்கியது. பாட்டில் கெடவில்லை. வாசம் விரிய உடம்புச் சூடு வேண்டும். அக்காவிடம் சூடு இல்லை.

மிச்சத்தில் கொஞ்சம் என் உள்ளங்கையில் ஊற்றினேன். இரண்டு கையையும் சூடேறத் தேய்த்து அவர் கழுத்தில் அழுத்தி வைத்தேன். "வள்ளியம்மாக்கா, கைய நீட்டுங்க!" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் நீட்டினார். அவர் கையிலும் ஊற்றினேன். அவர் தேய்த்து அக்கா கன்னத்தில் வைத்தார். இன்னொருத்தி நீட்டினாள், அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் சூட்டை அவருக்குக் கொடுத்தோம்.

வந்தது. முதலில் பச்சை, கசப்போடு. சுற்றி நின்றவர்கள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைப் பூ. "புனிதா... ஏண்டி புனிதா..." என்று வள்ளியம்மா பெருங்குரலில் அழ ஆரம்பித்தார். அதுவரை பிணம் கிடந்த இடத்தில் புனிதவதி படுத்திருந்தார். அத்தை ஓரமாக வைத்திருந்த இன்னொரு கொலோன் பாட்டிலை எடுத்து, மூடியை இறுகத் திருகி, பையில் போட்டுக்கொண்டார்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலை முழுகிவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து வாசல் குழாயில் கால் கழுவினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவராகவே பேசினார்.

"கண்மணி, எரிக்கற எடத்துல வேல செய்யற தம்பி வந்து கேட்டான். 'என்ன பூ அங்கிள் இது, இந்த மாதிரி ஒண்ணு இங்க வந்ததே இல்லையே'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பூ இல்ல தம்பி, எங்க அக்கான்னு சொன்னேன்."

கூடாரத்தில் உட்கார்ந்திருந்த இராஜம்மா அத்தைக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகத்தான் சொன்னார்.